அத்தான் கட்டிய வெயில் சைக்கிள்

என் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலை. ஊரில் உள்ள லிஃப்டுகளில் பாதி அவர் கை பட்டவை. ஆனால் அவர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிக் காட்டாமல் நான் விட்ட நாள் குறைவு. அவர் அசர மாட்டார். "வேலை செய்ற இடத்துல பாக்குற மூஞ்சிய வீட்லயும் பாக்கணுமா மாப்ள?" என்பார்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் என் ஜெராக்ஸ் கடை. கடையை ஒட்டி, எல்லோரும் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகை. அதனால் அந்தச் சைக்கிள் கதை முழுவதும், நான் வேண்டாம் என்றாலும், என் கண் முன்னால்தான் நடந்தது. பாதியில் என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அத்தான் ஒல்லி. உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் முட்டி இரண்டும் ஏறி இறங்கும், தண்ணீர் டம்ளர் தானாக நகரும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, தையல் மெஷின் வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அவர் போவதும் வருவதும் சைக்கிளில்தான். கேரியரில் டூல்ஸ் பை, காதில் பென்சில். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு பெல் அடித்தாலும் கிளம்பிவிடுவார். அவருக்கு நேரம் காலம் கிடையாது.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை. லிஃப்ட் சரியாகிவிட்டது என்று அவர் வாயால் சொல்லமாட்டார். இரும்பு எடைக்கற்களை உள்ளே அடுக்குவார். ஆள் இல்லாமல் மேலும் கீழும் பலமுறை ஓட்டுவார். கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்த பிறகுதான் மனிதர்களை ஏற விடுவார். "ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி எடையை ஏத்து" என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் பார்த்த லிஃப்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

என் அக்காவின் வேலை வேறு மாதிரி. அவள் பல் செட் செய்கிறாள். டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்து, மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, சிரித்தால் பொய்ப்பல் என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவள் வேலை செய்கிற கூடம் நீளமான ஒரே அறை. ஜன்னலோரம் மேஜைகள், சின்னதாக எரிகிற கேஸ் விளக்குகள், சுவரோரத் தட்டுகளில் வரிசையாக வெள்ளைத் தாடைகள். எங்கே கை வைத்தாலும் பிளாஸ்டர் மாவு ஒட்டும். முன்பல் வரிசையை அக்கா கட்டினால் டாக்டர் திருப்பி அனுப்புவதில்லை என்று அவளுடைய முதலாளியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சில சமயம் டாக்டர்கள் பேஷண்டையே நேரில் அனுப்பிவிடுவார்கள். அவர்கள் ரோஸ் மெழுகைக் கடித்துக் காட்ட வேண்டும். எல்லோருமே, "நான் நேராத்தான் கடிக்கிறேன்" என்பார்களாம். "வாய் சொல்றத நான் கேக்கறதில்லடா தம்பி. மெழுகு சொல்றதத்தான் கேப்பேன்" என்பாள் அக்கா.

இந்த நிலையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. முதலாளி கூடத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றினார். அதே சமயத்தில் அக்காவின் இடது முட்டி கையை விரித்தது. உள்ளே தேய்ந்துவிட்டது, பெடல் மிதிக்கவே கூடாது, படி ஏறுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மூன்றாவது மாடியில் குடியிருப்பவளிடம் சொல்கிற பேச்சா இது. ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும், கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறுவாள். பார்க்கிற எனக்கு வலிக்கும்.

ஆற்றைக் கடக்க இரண்டு வழி. பஸ்ஸில் போனால் பெரிய பாலம் சுற்றி, நடுவில் இறங்கி மாறி, இரண்டு தடவை உயரப் படியில் ஏறி இறங்க வேண்டும். நேர் வழி பழைய பாலம். அதில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான் அனுமதி. இந்தக் கரையிலிருந்து நடுப்பகுதி வரை ஒரே மேடு, அப்புறம் இறக்கம், இறங்கினால் கூடம். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொன்னபோது, "நீ கடை திறக்கிறதே ஊர் பாதி வேலையை முடிச்சப்புறம். உன்னை நம்பினா நான் மத்தியானம்தான் போய்ச் சேருவேன்" என்றாள். உண்மைதான். ஆனாலும் சுருக்கென்றது.

பஸ்ஸில் போன வாரங்களில் அடிக்கடி லேட். முதலாளி நல்ல மனிதர். இருந்தாலும் அவருக்கும் டாக்டர்களிடம் பதில் சொல்ல வேண்டும். "உடம்பப் பாருங்கம்மா. முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பழக்கிக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு முடிவு சொன்னா நல்லது" என்றார்.  அடுத்தவளின் மேஜையில் தன் மெழுகுக் கத்தியும் கரண்டியும் இருப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

"நான் ஒரு வண்டி கட்டித் தர்றேன்" என்றார் அத்தான். மோட்டார் வைத்த சைக்கிள். பெடல் இருக்கிறவரை பாலத்தில் விடுவார்கள் என்று காவலாளியிடம் கேட்டு வைத்திருந்தார். கடையில் வாங்குவதுதானே என்றேன். அதை ராத்திரி எங்கே சார்ஜ் போடுவது? கொட்டகையில் பிளக் இல்லை. என் கடைக்குள் போட்டால், அக்கா கிளம்புகிற நேரத்தில் கடை பூட்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றி மூன்று மாடி தூக்குவது அக்காவால் ஆகாது. அத்தான் தூக்கலாம், ஆனால் அவர் எந்த நேரம் எந்தக் கட்டடத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. "வண்டி பகல் முழுக்க கூடத்து வாசல்ல வெயில்லதான நிக்கப்போகுது? நின்ன இடத்துலயே தானா குடிச்சுக்கட்டும்" என்றார். யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

வேலை ஆரம்பித்தது. லிஃப்டில் கரண்ட் போனால் அடுத்த மாடி வரை கொண்டுவந்து கதவைத் திறக்க ஒரு சின்ன பேட்டரி இருக்கும். வருஷக் கணக்குப் பார்த்து மாற்றும்போது பழசைக் கழித்துவிடுவார்கள். அதில் இன்னும் உயிர் இருந்த இரண்டை எடுத்துக்கொண்டார். அக்காவின் பழைய சைக்கிளில், பின்சக்கரத்தின் இடது பக்கம் ஒரு பல்சக்கரத்தை வைத்து, மோட்டாரிலிருந்து தனியாக ஒரு செயின் இழுத்தார். வலது பக்கம் பழையபடி பெடல் செயின். கைப்பிடியைத் திருகினால் மோட்டார் ஓடும், பெடல் சும்மா நிற்கும்.

சோலார் பேனலை முதலில் கூரை மாதிரி தலைக்கு மேல் வைத்தார். தெருவில் எல்லோரும் மழைக்கா என்று கேட்டார்கள். பாலத்துக்குக் கொண்டுபோனபோது காற்று பிடித்துக்கொண்டு வண்டியை அத்தானோடு கைப்பிடிச் சுவரில் சாத்தியது. முழங்கை தோல் போனதோடு அந்தக் கூரையும் போனது. அடுத்து பேனலைக் கேரியர் மேல் மேஜைப் பலகை மாதிரி படுக்க வைத்தார். ஓடும்போது கொஞ்சம், நிற்கும்போது நிறைய என்று வெயில் உள்ளே போனது. அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அது மேல துணி காயப்போட்டுறப் போறாங்க, பாத்துக்கங்க" என்றாள்.

பிறகு சோதனை. கொள்கைப்படி ஆளுக்கு முன்னால் எடை. ஆனால் சைக்கிளில் எடைக்கல்லை மட்டும் ஏற்றி அனுப்ப முடியாதே. அதனால் அவரே ஓட்டுவது, அக்காவுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மணல் மூட்டை கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார். அதற்கு அக்காவின் எடை தெரிய வேண்டும். ரொம்ப நேரம் சுற்றி வளைத்துக் கேட்டார். அக்கா ஒரு எண்ணைச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். மூட்டையில் ஒரு கை மணல் கூடவே போட்டுக் கட்டினார்.

வீட்டிலிருந்து கூடம் வரை போனார். பகல் முழுக்க வெயிலில் நிறுத்தினார். திரும்பி வந்தார். வண்டி பாலத்தில் ஜம்மென்று ஏறியது. லீவு நாட்களில் திரும்பத் திரும்ப இதையே செய்தார். என்னையும் என் சைக்கிளில் பின்னால் வரச் சொல்லி, வழியில் மோட்டார் சூடாகிறதா, செயின் சத்தம் போடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி போனேன். பேட்டரி ஒருநாளும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. "மிச்சமே ஏகப்பட்டது மாப்ள. இவ இதுல பக்கத்து ஊருக்கே போலாம்" என்றார். மூட்டையை அவிழ்த்து மணலைக் கொட்டகை மூலையில் கொட்டினார். அவர் கணக்கில் லிஃப்ட் பாஸ்.

திங்கட்கிழமை அக்கா முதல்முறையாக அதில் வேலைக்குக் கிளம்பினாள். வலது காலை ஒரு பெடலில், இடது காலை அத்தான் பற்றவைத்துக் கொடுத்திருந்த கம்பியில் வைத்துக்கொண்டாள். கட்டடமே மாடியில் நின்று பார்த்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது. "தம்பி, பாலத்துல நிக்கிறேன்டா. வண்டி படுத்துருச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது மேட்டில் பாதிக்கு மேல், கைப்பிடிச் சுவரை ஒட்டி நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். வண்டி கனம். அந்த முட்டியோடு அவளால் தள்ளவும் முடியாது. வழியில் போன யாரோ ஒருவர் வண்டி ஆற்றில் விழாதபடி சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அழவில்லை. மடியில் சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "பின்னாடி வர்றவங்க எல்லாம் என்னாச்சு, என்னாச்சுன்னு கேக்குறாங்கடா. எத்தனை பேருக்குத்தான் சொல்றது" என்றாள். அத்தான் மேல் எனக்கு வந்த கோபத்தில் வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை.

சாயங்காலம் அத்தான் வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கை துடைத்துக்கொண்டே, அவர் கேட்டிருக்கவே கூடாத ஒன்றைக் கேட்டார். "எடை சரியாத்தான் சொன்னியா?"

அக்கா விருட்டென்று எழுந்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டாள். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். மூன்று பேரும் முனையில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனோம். வாசலில் இருந்த எடை மெஷினில், தெருவே பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். சீட்டு வந்தது. சொன்னதைவிடக் குறைவாகவே இருந்தது. சீட்டை அத்தான் சட்டைப் பாக்கெட்டில் செருகிவிட்டு நொண்டிக்கொண்டே நடந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நான்தான். உப்பு எங்கே இருக்கிறது என்பதைக்கூட என்னிடம் கேட்டார்கள்.

சனிக்கிழமை வரை அக்கா பஸ்ஸில் போனாள். முதலாளி புதுப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று விட்டிருந்தாராம். அன்று மதியம் வீட்டுக்கு வந்தவள் மேலே போகாமல் நேரே என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நீ அவருக்குப் பின்னாடியே போனியே. அவரு கால் எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு."

"மேட்டுலயுமா?"

"மேட்டுலதான் ஜாஸ்தி."

மேஜைக்கடியில் அந்த முட்டி இரண்டும் ஏறி இறங்குவதை வருஷக் கணக்காகப் பார்த்துப் பார்த்து, அவர் கால் ஆடுவது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. மின்விசிறி சுற்றுவதை யாராவது சொல்லிக்கொண்டு இருப்பார்களா?

கொட்டகையில் இருந்த அத்தானை அக்கா கூப்பிட்டாள். அந்த வாரத்தில் அவரிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "சோதனை பண்ணும்போது பெடல் மிதிச்சீங்களா?"

"சேச்சே. மிதிச்சா அது என்ன சோதனை?"

"கால் சுத்துச்சாமே."

"சும்மா சுத்தினேன். சும்மா உக்காந்திருந்தா சைக்கிள்ல போற மாதிரியே இல்ல. சுத்தினேன், அழுத்தல."

சத்தியம் செய்கிற முகம். பொய் இல்லை, அவர் அதை நம்பினார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே ரோஸ் மெழுகுத் தகடுகள். முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். என் கடையில் இருந்த கெட்டிலில் வெந்நீர் போட்டு, தகடுகளை லேசாக இளக்கி, இரண்டு பெடலுக்கும் ஒவ்வொன்று வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி நூலால் கட்டினாள். முதலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அத்தானை ஏறி உட்கார்ந்து காலை வைத்திருக்கச் சொன்னாள். அந்தத் தகடுகளை எடுத்து வைத்துக்கொண்டு வேறு இரண்டு கட்டினாள். "இப்ப மூட்டையோட பாலத்து உச்சி வரைக்கும் போய்ட்டு வாங்க. சும்மா சுத்துங்க. அழுத்தாதீங்க."

மறுபடி மணலை மூட்டை கட்டிக்கொண்டு போனார். ஜம்மென்று வந்தார். "பாத்தியா, பேட்டரி பாதிக்கு மேல இருக்கு" என்றபடி இறங்கினார். அக்கா நூலை அறுத்தாள். ஸ்டாண்டில் வைத்து எடுத்த தகட்டில் செருப்பின் வரி தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. இப்போது வந்த தகடுகளில் வரி அப்படியே இறங்கியிருந்தது. ஒரு இடத்தில் மெழுகு ஓட்டையாகி, அடியில் பெடலின் ரப்பர் பல் தெரிந்தது. அத்தான் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு பாத்துடலாம். நாளைக்கு இவன் ஓட்டட்டும்" என்று அக்கா என்னைக் காட்டினாள். "இவன் தேவையில்லாம ஒரு காலும் அசைக்க மாட்டான்." எனக்கு மணல் மூட்டையும் தேவைப்படவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக என் சோம்பேறித்தனத்துக்கு வேலை கிடைத்தது.

மறுநாள் நல்ல வெயில் வாங்கிய பேட்டரியோடு போனேன். பெடலில் காலை வைத்தபடி, ஒரு மிதி மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேட்டில் மோட்டார் முனகியது, தேம்பியது, நின்றது. அக்கா உட்கார்ந்திருந்த அதே இடம். தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எனக்கு நாக்கு தொங்கியது. என் மெழுகில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இரண்டு ஜோடித் தகடுகளையும் ஜெராக்ஸ் மெஷின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் அக்கா. அவரைக் கேலி செய்ய நான் நான்கு வரி தயார் செய்து வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எடை ஏற்றாமல் ஆளை ஏற்றியதில்லை என்று பெருமைப்பட்டவர். முதல் தடவை தவறியது தன் மனைவியை வைத்து. அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்படியாவது மேல ஏத்திடணும்னுதான் மனசுல இருந்துச்சு. கால் தானா..." என்று நிறுத்தினார்.

"நல்லாத்தான் மிதிச்சிருக்கீங்க. ஆனா தினமும் வேலைக்குப் போறது நான்ல" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மருந்துக்கடை சீட்டு இன்னும் பாக்கெட்லதான் இருக்கா?" என்றாள். இருந்தது. நான்காக மடித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் சரியான சோதனை. பெடல் செயினைக் கழற்றி என் கடையில் ஆணியில் மாட்டினார். இனிமேல் கால் எவ்வளவு சுற்றினாலும் அது வெறும் ஆட்டம்தான். முதல் நாள் மேட்டில் பாதியில் நின்றார். தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றைப் போட்டார். வேகம் போகும், இழுவை வரும் என்றார். இன்னும் இரண்டு பேட்டரி தேடிப் பிடித்தார். பேனலுக்கு இரண்டு பக்கமும் கீல் வைத்து மேலும் இரண்டு சின்னப் பேனல்கள் தொங்கவிட்டார். ஓடும்போது மடிந்திருக்கும். நிறுத்தினதும் விரித்துவிடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஓட்டம். சில நாள் நின்றது, சில நாள் உச்சிக்கு ஒரு கை தூரத்தில் மூச்சை விட்டது. மேகம் போட்ட நாளிலும் ஓட்டிப் பார்த்தார். கடைசியில் மணல் மூட்டையோடு, செயின் இல்லாமல், உச்சியைத் தாண்டி இறங்கி, கூடத்து வாசலில் நின்று, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வந்தார். ஒரு தடவை போதாது என்று மறுபடி மறுபடி செய்தார். நடுவில் நானும் ஒருமுறை ஓட்டினேன். நடந்து போகிறவர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

"ரொம்ப மெதுவாப் போகுதுக்கா" என்றேன்.

"முந்துறவங்க முந்தட்டும். நான் உக்காந்துக்கிட்டு போறேன்" என்றாள்.

மழைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. இந்தத் தடவை மாடியில் யாரும் நின்று பார்க்கவில்லை. அக்கா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அத்தானும் நானும் முன்னாலேயே போய், பாலத்து உச்சியில் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். தள்ள வேண்டியிருந்தால் தள்ளலாம் என்பது எங்கள் நினைப்பு. கீழே வளைவில் அக்கா தெரிந்தாள். மடித்த பேனல்களோடு, முதுகு நேராக, சாப்பாட்டுப் பை முன்னால் ஆட, மேட்டில் ஏற ஆரம்பித்தாள். முன்பு உட்கார்ந்திருந்த இடம் வந்தது. மோட்டாரின் முனகல் எங்களுக்கே கேட்டது. 

பக்கத்தில் ஏதோ சுவரை உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அத்தானின் கால்கள் இரண்டும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. பார்வை கீழே மேட்டை விட்டு நகரவில்லை.

"அத்தான், அழுத்துறீங்களா?"

"இல்ல மாப்ள. சும்மா சுத்துது."

அக்கா எங்களைத் தாண்டிப் போனாள். நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மணியை மட்டும் ஒரு அடி அடித்துவிட்டு இறக்கத்தில் போனாள். கூடத்து வாசலில் அவள் இறங்கி வண்டியை வெயிலில் நிறுத்தி, பேனல்களை ஒவ்வொன்றாக விரிப்பது அங்கிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அத்தானின் கால்கள் நின்றன.